ஐம்பொன் சிலையின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பொட்டிபுரம் மலை முதல் லண்டன் கோர்ட் வரை

'பல கோடி ரூபாய் மதிப்புள்ள ஐம்பொன் சிலை பறிமுதல். ஆயிரம் ஆண்டு பழமையானது என போலீசார் தகவல்.' தமிழ்நாட்டில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஆனால் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. ஆயிரம் ஆண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மரமாக இருந்தால் வளையத்தை எண்ணலாம். எலும்பாக இருந்தால் கார்பன் சோதனை செய்யலாம். வெண்கலத்துக்கு இந்த இரண்டுமே சரிப்படாது. அது உருக்கி ஊற்றிய உலோகம். போன வருடம் சுவாமிமலையில் வார்த்ததும், சோழர் காலத்தில் வார்த்ததும் எடைக்கு எடை ஒன்றுபோலவே இருக்கலாம்.

இது வெறும் அறிவியல் கேள்வியும் இல்லை. வயதும் பிறந்த இடமும் நிரூபிக்கப்பட்டதால்தான், லண்டனில் சிக்கிய ஒரு நடராஜர் 1991-ல் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். அதைக் கண்டுகொள்ளாததால்தான், இன்னொரு ஊரில் போலி நடராஜர் கோயிலில் இருக்க, அசல் கடல் கடந்து போனது. வயதைக் கணிக்கும் முறைகள் என்னென்ன, அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

முதலில், 'ஐம்பொன்' என்றால் என்ன?

செம்பு, வெள்ளீயம், ஈயம், வெள்ளி, தங்கம் ஆகிய ஐந்தும் கலந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வெள்ளீயத்துக்குப் பதில் பித்தளையையோ துத்தநாகத்தையோ சேர்த்துச் சொல்வதும் உண்டு. ஆனால் பழைய சிலைகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தால் கிடைப்பது வேறு கதை. சோழர் காலத்துச் சிலைகளில் பெரும்பாலானவை செம்போடு வெள்ளீயமும் ஈயமும் சேர்ந்த வெண்கலம்தான். தங்கமும் வெள்ளியும் இருந்தாலும் மிகச் சொற்ப அளவில்தான் இருக்கும்.

வெள்ளீயத்தின் அளவும் பெரும்பாலும் 15 சதவீதத்துக்குள்ளேயே நிற்கிறது. அதற்கு மேல் போனால் உலோகம் உடையும் தன்மைக்கு வந்துவிடும். ஈயம் சேர்த்தால் உருகிய உலோகம் நன்றாக ஓடி, அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேரும். ஒரு கொலுசு மணியின் நுணுக்கம்கூட அப்படித்தான் வார்ப்பில் விழுகிறது.

ஆக, 'சிலைக்குள் கிலோ கணக்கில் தங்கம் இருக்கிறது' என்பது கட்டுக்கதை. அந்தக் கட்டுக்கதையை நம்பி, மண்ணில் கிடைத்த சிலையை அரத்தால் ராவிப் பார்ப்பவர்கள் உண்டு. ராவிய இடத்தில் போவது தங்கம் அல்ல, சிலையின் வயதைச் சொல்லும் சாட்சி.

கண்ணால் பார்த்தே வயது சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். இன்றைக்கும் முதல் கட்ட மதிப்பீடு கண்ணால்தான் நடக்கிறது. சிலை பிடிபட்டதும் தொல்லியல் வல்லுநர்களிடம் காட்டப்படும். அவர்கள் பார்ப்பது முகத்தை மட்டுமல்ல. ஆடை மடிப்பு, பூணூல் போகும் போக்கு, தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரம், விரல்களின் வளைவு, பீடத்தின் வடிவம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது.

முற்காலச் சோழர் சிலைகளில் உடம்பு இயல்பாக வளையும். நகைகள் உடலோடு ஒட்டி, பாரமில்லாமல் கிடக்கும். பிந்தைய காலத்துக்கு வர வர மூக்கு கூர்மையாகும், உடல் விறைக்கும், நகைகள் கூடிக்கொண்டே போகும். விஜயநகர காலத்துச் சிலையைச் சோழர் சிலைக்குப் பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாதவருக்கும் வித்தியாசம் தெரியும்.

இந்த ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இருப்பவை, காலம் உறுதியாகத் தெரிந்த சில சிலைகள். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தி அப்படி ஒன்று. கோயில் கல்வெட்டு மூலம் அது 1011-ம் ஆண்டைச் சேர்ந்தது எனத் தெரிகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளோ, ராஜராஜன் காலத்தில் கொடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் கணக்கில் சொல்கின்றன. தேதி தெரிந்த ஒன்றை வைத்துத் தெரியாத பத்தை நிதானிக்கிறார்கள்.

வல்லுநர்கள் தவறாமல் பார்க்கும் இன்னொரு இடம், சிலையின் முதுகு. பழைய ஸ்தபதி முன்பக்கத்துக்குக் கொடுத்த அதே கவனத்தைப் பின்பக்கத்துக்கும் கொடுத்திருப்பார். மாலையின் முடிச்சு, பின்னலின் நுனி எல்லாம் அங்கே இருக்கும். விற்பதற்காகவே அவசரத்தில் செய்த சிலையில் முதுகுதான் காட்டிக்கொடுக்கும்.

பீடத்தையும் விடமாட்டார்கள். வீதியுலா போன உற்சவர் என்றால், பல்லக்கில் வைத்துக் கட்டவும் கம்பு நுழைக்கவும் பீடத்தில் துளையோ வளையமோ இருக்கும். பல நூறு வருடம் அபிஷேகம் நடந்து, புளி போட்டுத் தேய்த்த சிலை என்றால் மூக்கும் கண்ணும் மழுங்கியிருக்கும். மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த சிலையில் உளிக் கோடு கூர்மையாக இருக்கும், ஆனால் மேலே களிம்பு ஏறியிருக்கும். 'தலைமுறை தலைமுறையாகப் பூஜையில் இருந்தது' என்று விற்பவர் சொல்கிறார், முகமோ நேற்று செதுக்கியதுபோல் இருக்கிறது என்றால் சந்தேகம் அங்கேயே தொடங்கிவிடும்.

ஒரே மாதிரி இரண்டு சிலை இருந்தால்?

இதைப் புரிந்துகொள்ள, சிலை எப்படிச் செய்யப்படுகிறது என்பது தெரிய வேண்டும். கும்பகோணம் அருகே சுவாமிமலையில் இன்றும் நடக்கும் முறைதான் இது. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பதமாக்கி, முதலில் மெழுகில் முழுச் சிலையையும் செய்வார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிப் பூசி அச்சாக்குவார்கள். அச்சைச் சூடுபடுத்தினால் மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள்.

மெழுகும் போச்சு, அச்சும் போச்சு. அதே சிலையை இன்னொரு முறை வார்க்க முடியாது. அதனால் இந்த முறையில் செய்த இரண்டு சிலைகள் ரோமத்துக்கு ரோமம் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. அப்படி இருந்தால், ஒன்றின் மேல் அச்செடுத்து இன்னொன்றைச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உலோகம் ஆறும்போது லேசாகச் சுருங்கும். எனவே அச்செடுத்துச் செய்த நகல் அசலைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும், கோடுகளும் சற்று மங்கியிருக்கும்.

கண் பார்வை எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சிவபுரம் நடராஜரே உதாரணம். கும்பகோணம் பக்கத்தில் உள்ள சிவபுரத்தில் 1951-ல் சில செப்புத் திருமேனிகளோடு இந்த நடராஜர் மண்ணிலிருந்து கிடைத்தார். 1950-களின் நடுவில் பழுது பார்ப்பதற்காகச் சிலைகள் வெளியே கொடுக்கப்பட்டன. திரும்பி வந்தது நகல். அதற்குத்தான் கோயிலில் பூஜை நடந்தது. 1965-ல் பிரிட்டிஷ் கலை வரலாற்று அறிஞர் டக்ளஸ் பாரெட் சோழர் வெண்கலங்கள் பற்றிய தன் புத்தகத்தில், கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அசல் கைமாறிக் கைமாறி, 1973-ல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையிடம் 9 லட்சம் டாலருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வழக்குகள், பேச்சுவார்த்தை, உடன்பாடு எல்லாம் முடிந்து 1980-களின் பிற்பகுதியில்தான் சிலை இந்தியா வந்தது.

ஆனால் கண்ணுக்கும் எல்லை உண்டு. இரண்டு வல்லுநர்கள் ஒரே சிலையைப் பார்த்து இரண்டு நூற்றாண்டு சொல்வது சாதாரணம். கைதேர்ந்த ஸ்தபதி இன்றைக்கும் சோழர் பாணியில் செய்ய முடியும். அந்த இடத்தில்தான் ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது.

ஆய்வுக்கூடத்தில் என்ன பார்க்கிறார்கள்?

முதல் சோதனை, எக்ஸ்ரே ஒளிர்வு. துப்பாக்கி போன்ற ஒரு கையடக்கக் கருவியைச் சிலையின் மேல் காட்டினால், எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சில நொடிகளில் சொல்லிவிடும். சிலையைச் சுரண்டத் தேவையில்லை. துத்தநாகம் இதில் முக்கியத் துப்பு. பழைய முறையில் செய்த பித்தளையில் துத்தநாகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. 30 சதவீதத்தைத் தாண்டிய பித்தளையில் செய்த சிலையை 'பத்தாம் நூற்றாண்டு' என்று யாராவது விற்றால், கதை அங்கேயே முடிந்தது. ஒரு குறை என்னவென்றால், இந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். களிம்பு தடிமனாக இருந்தால் கணக்கு தப்பும்.

அடுத்தது களிம்பு. செம்பு கலந்த உலோகம் மண்ணுக்குள் கிடக்கும்போது முதலில் சிவப்பு நிறத்தில் ஓர் அடுக்கு உருவாகும். அதன் மேல் பச்சை அடுக்கு வரும். பல நூற்றாண்டு கிடந்தால் இந்த அரிப்பு உலோகத்தின் மணிகளுக்கு இடையே உள்ளே இறங்கிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் வேர் போலத் தெரியும். போலிச் சிலைக்கு அமிலம் தெளித்து, சில மாதம் மண்ணில் புதைத்து எடுத்தாலும் பச்சை நிறம் வந்துவிடும். ஆனால் அது மேலே பூசிய வேஷம்தான், உள்ளே இறங்கியிருக்காது. சில போலிகளில் பச்சையே வெறும் வர்ணம். கரைப்பான் தொட்ட பஞ்சால் துடைத்தாலே கையோடு வந்துவிடும்.

மூன்றாவது, ஈயத்தின் கைரேகை. ஈயத்தில் எடை வேறுபட்ட நான்கு வகை அணுக்கள் உண்டு. அவற்றின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. பெங்களூருவில் உள்ள தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர் சாரதா ஸ்ரீனிவாசன், நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்தியப் படிமங்களில் இருந்து துளி உலோகம் எடுத்து ஆராய்ந்தார். காலத்துக்குக் காலம் உலோகக் கலவையும் ஈயத்தின் விகிதமும் மாறுவதை அவர் காட்டினார். பத்தாம் நூற்றாண்டுச் சோழர் படைப்பு என்று கருதப்பட்ட சில நடராஜர்கள் உண்மையில் அதற்கும் முந்தைய பல்லவர் காலத்தவை என்பது அவர் முன்வைத்த முடிவு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளை இதுபோல் அறிவியல் முறையில் ஆவணப்படுத்தும் வேலையைச் செய்திருக்கிறது.

பொட்டிபுரம் மலைக்கும் சிலைக்கும் என்ன சம்பந்தம்?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே ஏலக்காய் மலைச் சரிவின் அடிவாரத்தில் இருக்கிறது பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகம் என்றாலே தமிழ்நாட்டுக்கு ஞாபகம் வரும் ஊர். அங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து, எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை இருக்கும்படி உள்ளே ஆய்வகம் அமைப்பது திட்டம். மக்கள் எதிர்ப்பு, வழக்குகள், மாநில அரசின் எதிர்ப்பு ஆகியவற்றால் திட்டம் முடங்கிக் கிடக்கிறது.

அத்தனை பெரிய பாறை எதற்கு? வானத்திலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களைத் தடுப்பதற்கு. அந்த இரைச்சல் அடங்கினால்தான் நியூட்ரினோ போன்ற நுண்துகளைக் கவனிக்க முடியும்.

இயற்பியலாளர்கள் தப்பிக்க நினைக்கும் இந்த இயற்கைக் கதிர்வீச்சுதான் சிலை ஆய்வாளர்களுக்குக் கடிகாரம். இரண்டு வழிகளில் அது உதவுகிறது.

முதல் வழி ஈயம். புதிதாக உருக்கிய ஈயத்தில் ஈயம்-210 என்ற கதிரியக்க வகை கொஞ்சம் இருக்கும். சுமார் 22 வருடத்துக்கு ஒரு முறை அது பாதியாகக் குறையும். நூறு வருடம் கடந்தால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. ஆகவே ஈயம் கலந்த சிலையில் ஈயம்-210 கணிசமாக இருந்தால் அது புதுச் சரக்கு. ஜெர்மனியில் கிடைத்த வெண்கலக் காலத்து நெப்ரா வான் தட்டு அசல்தானா என்று சோதித்தபோது இந்த முறையும் பயன்பட்டது.

இதே காரணத்துக்காகத்தான் நுண்துகள் ஆய்வகங்களும் பழைய ஈயத்தைத் தேடுகின்றன. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் நடக்கும் நியூட்ரினோ தொடர்பான சோதனை ஒன்றில், 2,000 வருடத்துக்கு முன் சார்டீனியா தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலில் இருந்து எடுத்த ஈயத்தைக் கவசமாக வைத்திருக்கிறார்கள். கதிரியக்கம் அடங்கிப்போன ஈயம் அது.

இந்தச் சோதனைக்கும் ஓட்டை உண்டு. பழைய ஈயத்தையும் பழைய பாத்திரத்தையும் உருக்கிப் புதுச் சிலை வார்த்தால் சோதனை ஏமாந்துவிடும். உலோகத்தின் வயதும் சிலையின் வயதும் ஒன்றல்ல.

கம்போடியாவுக்குக் கைகொடுக்கும், தஞ்சாவூருக்குக் கைகொடுக்காத டெஸ்ட்

இரண்டாவது வழி, வெப்ப ஒளிர்வுச் சோதனை. களிமண்ணில் இருக்கும் மணல் துகள்கள், சுற்றுப்புறக் கதிர்வீச்சையும் காஸ்மிக் கதிரையும் வாங்கி உள்ளுக்குள் சேமித்துக்கொண்டே இருக்கும். நெருப்பில் சுட்டால் அந்தச் சேமிப்பு ஒளியாக வெளியேறி, கணக்கு பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். பிறகு மறுபடியும் சேமிப்பு தொடங்கும். ஆய்வகத்தில் அந்த மண்ணைச் சூடாக்கி, வரும் ஒளியை அளந்தால், கடைசியாக எப்போது சுடப்பட்டது என்று கணக்கிடலாம். அதாவது, எப்போது வார்க்கப்பட்டது என்று.

இதற்குச் சிலைக்குள் மண் இருக்க வேண்டும். கம்போடியாவின் கெமர் பேரரசுக் காலத்து வெண்கலச் சிலைகள் பலவற்றில் அது உண்டு. பெரிய உருவங்களை உள்ளே களிமண் கரு வைத்து, அதன் மேல் மெழுகு போர்த்தி, உள்கூடாக வார்த்தார்கள். கை, தலை போன்றவற்றைத் தனியாக வார்த்து இணைப்பதும் உண்டு. கண்ணுக்கு வேறு பொருள் பதித்து, மேனிக்குப் பாதரச முறையில் தங்க முலாம் பூசுவார்கள். அங்கோர் பகுதியில் 1936-ல் கிடைத்த, 5 மீட்டருக்கு மேல் நீளம் இருந்திருக்கும் எனக் கணிக்கப்படும் பள்ளிகொண்ட விஷ்ணு இந்தக் கைத்திறனின் உச்சம். மேற்கு மேபோன் கோயிலில் புதைந்திருந்த அவர், ஊர்க்காரர் ஒருவர் கண்ட கனவைத் தொடர்ந்து தோண்டியபோது வெளிப்பட்டார் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. இப்படிப்பட்ட சிலையின் உள்ளே ஒட்டியிருக்கும் கருமண் ஒரு சிட்டிகை கிடைத்தால் போதும். அதில் கரித்துண்டு சிக்கினால் கார்பன் சோதனையும் செய்யலாம்.

சோழர் சிலையோ கனவார்ப்பு. உள்ளே கூடே கிடையாது, முழுக்க உலோகம். தென்னாட்டு ஸ்தபதிகளின் பெருமையே அதுதான். ஆனால் அதே பெருமை இங்கே தடையாகிவிடுகிறது. மண் கரு இல்லை, எனவே வெப்ப ஒளிர்வுச் சோதனைக்குப் பொருள் இல்லை.

கெமர் சிலைக்கும் இது கடைசி வார்த்தை அல்ல. ஆயிரம் வருடம் என்று கணக்கு வந்தால், ஓரிரு நூற்றாண்டு முன்னே பின்னே இருக்கலாம். பழுது பார்க்கும்போது சூடேற்றியிருந்தால் கடிகாரம் மறுபடி பூஜ்ஜியமாகியிருக்கும். எக்ஸ்ரே எடுத்த சிலையில் கூடுதல் கதிர்வீச்சு ஏறி, உள்ளதைவிடப் பழையதாகக் காட்டும். அதனால்தான் மண் மாதிரியை எடுத்துவிட்டுத்தான் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பார்கள்.

லண்டன் கோர்ட்டில் சாட்சி சொன்ன கரையான்

ஆக, தனியாக நின்று வயதைச் சொல்லும் ஒற்றை டெஸ்ட் கிடையாது. பல சாட்சிகள் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும். பத்தூர் நடராஜர் வழக்கில் நடந்தது அதுதான்.

அப்போதைய தஞ்சாவூர் மாவட்டம் பத்தூரில், சிதைந்து கிடந்த விஸ்வநாத சுவாமி கோயில் அருகே 1976-ல் மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்குச் சிலைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று நடராஜர். சொற்ப விலைக்குக் கைமாறிய அந்த நடராஜரை 1982-ல் கனடாவின் பம்பர் டெவலப்மென்ட் நிறுவனம் இரண்டரை லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. பராமரிப்புக்காகப் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது.

'இது பத்தூர் நடராஜர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' இதுதான் வழக்கின் மையக் கேள்வி. அதே ஊரில் பிறகு கிடைத்த மற்றச் சிலைகள் கைவசம் இருந்ததுதான் தமிழ்நாட்டின் பலம். தொல்லியல் அறிஞர் ஆர். நாகசாமி கலைப்பாணியை ஒப்பிட்டுச் சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் உலோகமும் மற்றச் சிலைகளோடு ஒப்பிடப்பட்டன. சிலை மேல் இருந்த கரையான் தடங்கள்கூட விட்டுவைக்கப்படவில்லை. மண்ணுக்குள் பக்கம் பக்கமாகக் கிடந்த சிலைகள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சியானது.

1988-ல் தீர்ப்பு தமிழ்நாட்டுக்குச் சாதகமாக வந்தது. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாழடைந்த கோயிலானாலும் தன் சொத்துக்கு வழக்காட அதற்கு உரிமை உண்டு என்பதை இங்கிலாந்து கோர்ட் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டே நடராஜர் ஊர் திரும்பினார்.

போட்டோ இருந்தால் ஆய்வகமே வேண்டாம்

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2006-ல் திருடப்பட்டார். திருட்டு தெரிய வந்ததே 2008-ல்தான். அதே 2008-ல் ஆஸ்திரேலிய தேசிய காட்சிக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் வாங்கியிருந்தது.

இங்கே சிலையின் வயதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 'எங்கிருந்து வந்தது' என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொன்னது, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் போட்டோ. 1950-களில் இருந்து தமிழ்நாட்டுக் கோயில்களை அந்த நிறுவனம் படமெடுத்து வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அச்சு உடைந்த வார்ப்பு என்பதால் ஒவ்வொரு சிலைக்கும் தனி அடையாளம் உண்டு: தீச்சுடர் ஒன்று சாய்ந்திருக்கும், பீடத்தில் ஓர் இடம் பழுதாகியிருக்கும். படமும் சிலையும் பொருந்திவிட்டால், எந்தப் போலி ரசீதும் நிற்காது. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் நடராஜரைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். ஜெர்மனியில் பிடிபட்டு இந்தியா கொண்டுவரப்பட்ட கபூருக்கு, சிலைக் கடத்தல் வழக்கு ஒன்றில் 2022 நவம்பரில் கும்பகோணம் கோர்ட் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

அதே ஆஸ்திரேலியக் காட்சிக்கூடம் 2023-ல், சாம் கலைப்பாணியைச் சேர்ந்த மூன்று வெண்கலச் சிலைகளைக் கம்போடியாவுக்குத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவற்றை 2011-ல் டக்ளஸ் லாட்ச்ஃபோர்ட் என்பவரிடம் வாங்கியிருந்தது. கெமர் சிலைகளைக் கடத்தியதாக 2019-ல் அமெரிக்காவில் குற்றம் சாட்டப்பட்டு, விசாரணைக்கு முன்பே 2020-ல் இறந்துபோனவர் அவர். போரில் சிதைந்த கம்போடியாவில் கோயில்களின் பழைய படங்கள் எல்லா இடத்துக்கும் இல்லை. அதனால் கொள்ளையில் பங்கேற்றவர்களின் வாக்குமூலத்தைக் கொண்டு சிலைகளின் ஊரைத் தேட வேண்டிய நிலை அங்கே.

உங்கள் ஊரில் சிலை கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, தோட்டத்தில் குழி எடுக்கும்போதோ சிலை கிடைக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

- அப்படியே விட்டுவிட்டு, உடனே கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் தெரிவிப்பது கட்டாயம்.

- புளி, எலுமிச்சை, அமிலம் எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது. களிம்பும் ஒட்டியிருக்கும் மண்ணும்தான் பிற்பாடு சாட்சி. பத்தூர் நடராஜரைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தால் மண்ணும் கரையான் தடமும் போயிருக்கும்.

- ராவிப் பார்ப்பது, உடைத்துப் பார்ப்பது வேண்டாம்.

- எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறென்ன இருந்தது என்பதைச் செல்போனில் படம் எடுத்து வைக்கலாம்.

- நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. உள்ளூரில் தொல்பொருள் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். 'கோடிக்கு ஆள் இருக்கு' என்று வருபவர் உங்களையும் சேர்த்தே வழக்கில் மாட்டிவிடுவார்.

பூஜையில் இருக்கும் சிலைகளுக்கு வேண்டியது இன்னும் எளிது. முன்பக்கம், முதுகு, இரண்டு பக்கவாட்டு, பீடத்தின் அடி என ஐந்து படம். பக்கத்தில் ஓர் அளவுகோல். உயரம், எடை, எங்கெல்லாம் பழுது என்று ஒரு தாளில் குறிப்பு. தேதி போட்டு, கோயிலில் ஒரு பிரதி, அறநிலையத் துறையிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ ஒரு பிரதி.

பொட்டிபுரம், போடி வட்டாரம் போன்ற மலையடிவார ஊர்களில் திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் சிறு உற்சவர்களைப் பெரிய நிறுவனம் எதுவும் வந்து படமெடுத்திருக்காது. காவலுக்கு ஆளும் குறைவு. திருட்டு நடந்த பிறகு உலோகத்தைச் சோதித்தால், 'இது சோழர் காலம்' என்றோ 'நாயக்கர் காலம்' என்றோ ஆய்வகம் சொல்லும். 'இது எங்கள் ஊர்ச் சாமி' என்று சொல்ல, திருவிழாவில் எடுத்த அந்த முதுகுப்பக்கத்துப் போட்டோதான் வேண்டும்.